கொலைகாரனுக்கு முன் அவளைத் தேடுங்கள்: பழைய ஸ்லாஷர் படத்துக்கு உயிர் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1978 அக்டோபர் மாதத்தில், ஒன்றைப் பற்றி மற்றொன்று அறியாத இரண்டு படங்கள் திரைக்கு வந்தன. அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்'. தமிழ்நாட்டில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. இரண்டிலும் ஒரு கொலைகாரன், இரண்டிலும் அவனிடமிருந்து தப்பி ஓடும் ஓர் இளம்பெண். அங்கே அந்த ஒரு படம் 2022க்குள் 13 படங்களாகப் பெருகியது. நம் பக்கத்துப் படங்களோ பெரும்பாலும் ஒற்றை மரமாகவே நின்றுவிட்டன.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு, ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே வரும் இந்த 'ஸ்லாஷர்' வகைப் படங்களில் உரிமையுள்ள பங்கு உண்டு. சூலூரில் பிறந்த மணிவண்ணன் 1984இல் எடுத்த 'நூறாவது நாள்' படத்தையும், அதில் மொட்டைத் தலையோடு வந்து நின்ற கோயம்புத்தூர்க்காரர் சத்யராஜையும் என் வயதுக்காரர்கள் மறக்கவே முடியாது. நான் அதைப் பார்த்தது பல்லடம் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில், மணல் தரையில் உட்கார்ந்து. வீட்டுக்கு ஒன்றரை மைல் சோளக்காட்டு வழி. அம்மாவின் அப்பாவான அப்பிச்சி டார்ச்சுடன் முன்னால் நடந்தார். நான் அவர் வேட்டியின் நுனியை விடவே இல்லை. காற்றடிக்கும்போது சோளத் தோகை உரசுகிற சத்தத்தை அன்று முதல் நான் வேறு மாதிரி கேட்கிறேன்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: பழைய கொலைப் படம் ஒன்றை இன்று எப்படி மீட்டெடுப்பது? ஆங்கிலத் திரையுலகம் இதற்கு 'லெகசி சீக்வல்' என்று பெயர் வைத்திருக்கிறது. பழைய கதையை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்தால் அது மறுஆக்கம். பழைய கதை நடந்தது நடந்ததாகவே இருக்க, அதில் பிழைத்தவர்கள் வயதாகித் திரும்பி வர, அவர்களோடு ஒரு புதிய தலைமுறையும் சேர்ந்துகொண்டால் அது லெகசி சீக்வல். இது நேற்று வந்த வித்தையல்ல. 1960இல் வந்த 'சைக்கோ'வுக்கு 1983இல் இரண்டாம் பாகம் வந்தபோது அந்தோணி பெர்கின்ஸும் வேரா மைல்ஸும் அதே பாத்திரங்களில், 23 ஆண்டுகள் கூடிய முகங்களோடு வந்து நின்றார்கள்.

விளக்கத்துக்காக ஒரு பழைய படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1986இல் வந்தது. காங்கேயம் பக்கம் ஓர் ஊர். மாரியம்மன் நோம்பி என்ற கோயில் திருவிழாவுக்குக் கம்பம் என்ற மரத்தை நட்ட இரவிலிருந்து கம்பம் பிடுங்கும் இரவு வரை ஐந்து கொலைகள். கொலைகாரனின் முகத்தில், கட்டி முடியாத வீடுகளின் முன்னால் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையின் முகம். தறிக்குடோனில் வேலை பார்க்கும் சரஸ்வதி என்ற 19 வயதுப் பெண் மட்டும் பிழைக்கிறாள். அவன் கிணற்றில் விழுகிறான், உடல் கிடைக்கவில்லை. இந்தப் படத்துக்கு நாற்பது ஆண்டுக்குப் பிறகு இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறோம்.

முதல் படி: படம் யாருடையது?

கதை எழுத உட்காரும் முன் இதை முடித்துவிடுங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். 1978இல் வந்த படத்துக்கு 2038 முடியும் வரை உரிமையாளர் இருக்கிறார். பொதுவாக அந்த உரிமை தயாரிப்பாளருடையது. ஆனால் நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், தொலைக்காட்சி உரிமை இன்னொருவரிடம், பிறமொழி உரிமை மூன்றாமவரிடம் என்று பழைய படங்களின் பத்திரங்கள் பங்காளிச் சொத்துப் போலப் பிரிந்து கிடக்கும். கதையாசிரியரின் ஒப்பந்தம், இசை உரிமை, தலைப்புப் பதிவு ஆகியவற்றைத் தனித்தனியே பாருங்கள். இரண்டாம் பாகம் எடுக்கும் உரிமை என்று எழுத்தில் தெளிவாக வாங்குங்கள். மறுஆக்க உரிமை கையில் இருந்தால் போதும் என்று நினைத்து இறங்க வேண்டாம்.

இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' நல்ல பாடம். 1980இல் வந்த முதல் படத்தின் திரைக்கதையாசிரியர் விக்டர் மில்லர் தன் உரிமையைத் திரும்பக் கேட்டார். 2018இல் கீழ் நீதிமன்றமும் 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. ஆனால் அந்தத் தொடரின் அடையாளமான ஹாக்கி முகமூடி முதல் படத்தில் கிடையாது. அது 1982இல் மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. கதை ஒருவரிடம், முகமூடி இன்னொருவரிடம். 2009க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தத் தொடரில் ஒரு திரைப்படமும் வரவில்லை.

இரண்டாம் படி: பழைய படத்தை மூன்று முறை பாருங்கள்

முதல் முறை ஒன்றும் எழுதாமல். இரண்டாம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டு. மூன்றாம் முறை, அந்தப் படத்தைத் திரையரங்கில் பார்த்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்து. அவர் எந்தக் காட்சிக்கு முன்பே 'இதோ வருகிறான் பார்' என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முன், அந்தப் படத்தைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். பார்த்த பின் ஒப்பிட்டால் பாதி பொய்யாக இருக்கும். 'ஹாலோவீன்' என்றதும் ரத்தம் நினைவுக்கு வருகிறது. அந்தப் படத்தில் ரத்தம் காட்டப்படுவது மிகக் குறைவு. அங்கே பயத்தை உண்டாக்குவது, பட்டப்பகலில் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் ஓர் உருவம் சும்மா நின்று பார்ப்பதுதான். நாம் மீட்டெடுக்க வேண்டியது அந்த நிற்பை. ரத்தம் வாளி வாளியாகக் கடையிலேயே கிடைக்கும்.

மூன்றாம் படி: எதை வைத்துக்கொள்வது, எதை மறப்பது

ஒற்றைப் படமாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். நடுவில் பாகங்கள் வந்திருந்தால் முடிவெடுத்தே ஆக வேண்டும். 1998இல் வந்த 'ஹாலோவீன் எச்20' நான்காம், ஐந்தாம், ஆறாம் பாகங்களைக் கண்டுகொள்ளவில்லை. 2018இல் டேவிட் கார்டன் கிரீன் எடுத்த படம் முதல் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கியது. 1981இல் வந்த இரண்டாம் பாகம், கொலைகாரனும் நாயகி லாரியும் அண்ணன் தங்கை என்று ஒரு முடிச்சைப் போட்டிருந்தது. 2018 படம் அதையும் அவிழ்த்து எறிந்தது. அவன் ஏன் அவளைத் துரத்தினான் என்பதற்குக் காரணமே இல்லாமல் போனதும் பயம் திரும்பி வந்தது. இது சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். காரணம் தெரிந்த கொலைகாரனிடம் பேசிப் பார்க்கலாம். காரணம் தெரியாதவனிடம் பேச ஒன்றுமில்லை.

நம் ஊரில் இது இன்னும் கடினம். தமிழ்ப் படத்தில் கொலைகாரனுக்கு ஒரு முன்கதை இல்லாவிட்டால் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வதில்லை. சின்ன வயதில் தாய் அடித்தாள், காதலி ஏமாற்றினாள் என்று ஒரு பெண்ணின் மேல் பழியைப் போட்டுவிட்டுத்தான் கதை நகரும். பழைய படத்தில் அப்படி ஒன்று இருந்தால், அதைப் பொய்யாக்கும் வாய்ப்பு இரண்டாம் பாகத்துக்கு இருக்கிறது. அது கொலைகாரன் சொன்ன கதை, அவன் சொன்னதை எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று ஒரே வசனத்தில் மாற்றிவிடலாம். நாற்பது ஆண்டு காத்திருந்ததற்கு அந்த ஒரு வசனமே போதுமான பலன்.

நான்காம் படி: பிழைத்தவளை எழுதுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடக் கேட்டவர்களுக்குத் தெரியும். படுகளத்தில் மாண்டு கிடக்கும் பொன்னரையும் சங்கரையும் தேடிப் போய் எழுப்புகிறவள் தங்கை அருக்காணி. எழுந்தவர்கள் நிலைத்திருப்பதில்லை. அவளோடு பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். இறந்துபோன கதையை எழுப்பும் வல்லமை மிச்சமிருக்கும் பெண்ணிடம்தான் இருக்கிறது என்பதை நம் பாட்டுக்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். ஸ்லாஷர் படத்துக்கும் இதுவே வழி. கொலைகாரனுக்குச் சொத்து என்று இருப்பது ஒரு முகமூடி. அவளிடம் நாற்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது.

19 வயதில் லாரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸ் 2018 படத்தில் 59 வயதுக்காரராகத் திரும்பினார். வீட்டைக் கோட்டையாக்கி, சுட்டுப் பழகி, இரண்டு மணவாழ்க்கையை இழந்து, பெற்ற மகளையும் அதிகாரிகளிடம் பறிகொடுத்த பெண். அதே நடிகை 1998இல் அதே பாத்திரத்தை வேறு விதமாக வாழ்ந்து காட்டியிருந்தார்: பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு பள்ளியின் தலைமைப் பொறுப்பில், குடியில் பயத்தை மறைத்துக்கொண்டு. ஒரே இரவு, ஒரே பெண், இரண்டு வெவ்வேறு பிற்கால வாழ்க்கை. இரண்டும் நம்பும்படி இருந்தன. உங்கள் நாயகிக்கு எது என்று முடிவு செய்யுங்கள்: ஒளிந்தவளா, காத்திருந்தவளா?

2022இல் வந்த 'டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' இதே வழியில் போய்ச் சறுக்கியது. 1974 படத்தில் தப்பிய சாலியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்த மர்லின் பர்ன்ஸ் 2014இலேயே மறைந்துவிட்டதால் வேறொருவர் நடித்தார். அதுவல்ல குறை. அவள் எப்படி வாழ்ந்தாள் என்று படம் நமக்குக் காட்டவே இல்லை. துப்பாக்கியோடு வந்தாள், செத்தாள். நடிகை உயிரோடு இல்லாத நிலை நமக்கும் வரும். 'சிகப்பு ரோஜாக்க'ளில் அந்த வீட்டிலிருந்து தப்பி ஓடிய ஸ்ரீதேவி 2018இல் மறைந்துவிட்டார். அப்படிப்பட்ட இடத்தில் முகத்தைத் தேடாதீர்கள். அவளுடைய பழக்கங்களை எழுதுங்கள். மகள் வழியாகவோ, பக்கத்து வீட்டுக்காரி வழியாகவோ அவளை உயிரோடு வைக்கலாம்.

நம் சரஸ்வதிக்கு இப்போது 59. தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தனியாக இருக்கிறாள். காங்கேயம் பக்கம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். அவள் தோட்டத்தில் மட்டும் கிளுவை இடுப்பளவுக்கு மேல் போனதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவளே அரிவாளை எடுத்து வெட்டிவிடுவாள். ஆடுகள் தாண்டி ஓடுகின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் திட்டுகிறார். 'கஞ்சத்தனம், ஆள் வைத்து வேலி கட்டமாட்டாள்' என்று ஊர் பேசுகிறது. நோம்பிக்கு வந்த பேத்தி ஒரு மாலையில் கேட்கிறாள்: 'வேலி ஏன் அம்முச்சி இவ்வளவு குட்டையாக இருக்கிறது?' சரஸ்வதி அரிவாளை நிறுத்தாமல் சொல்கிறாள்: 'யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா சாமி?'

கத்தி, துப்பாக்கி, ரகசிய அறை எதுவும் இல்லாமல் நாற்பது ஆண்டுப் பயத்தை ஒரு வேலியில் காட்டிவிட்டோம். இப்படி மூன்று பழக்கங்களைக் கண்டுபிடியுங்கள். மூன்றும் ஊரார் கண்ணுக்குக் கிறுக்காகத் தெரிய வேண்டும். மூன்றும் கடைசி இரவில் ஒரு முறையாவது உயிர் காக்க வேண்டும். ஒன்று காப்பாற்றாமல் போனால் இன்னும் நல்லது.

நான் முதன்முதலில் இப்படி ஒரு கதை எழுதியபோது பிழைத்த பெண்ணைக் கடைசி இருபது நிமிடத்தில்தான் கொண்டுவந்தேன், கைதட்டல் விழும் என்று. படித்துக் காட்டியபோது என் மனைவி, 'இவள் இவ்வளவு நாள் என்ன சாப்பிட்டாள், யாரோடு பேசினாள்?' என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கதையை மூடிவைத்துவிட்டேன். உங்கள் நாயகி முதல் பதினைந்து நிமிடத்துக்குள் திரையில் இருக்கட்டும்.

இன்னொரு சொல், தயாரிப்பாளர்களுக்கு. 2023இல் வந்த 'ஸ்க்ரீம்' ஸ்லாஷர் தொடரின் ஆறாம் பாகத்தில், அந்தத் தொடரின் நாயகி நெவ் கேம்ப்பெல் இல்லை. தனக்குச் சொன்ன சம்பளம் தன் பங்களிப்புக்கு ஈடாக இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி விலகினார். கதை யார் தோளில் நிற்கிறதோ அவருக்குரியதைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றச் செலவு.

ஐந்தாம் படி: கொலைகாரனின் வயது

1986இல் முப்பது வயதுக்காரன் என்றால் இன்று எழுபது. கம்பத்தைச் சுற்றி ஆடும் கூட்டத்துக்குள் எழுபது வயது ஆள் புகுந்து ஓடி வெட்டுவதைப் பார்வையாளர் நம்பமாட்டார். 2018 'ஹாலோவீன்' இதை நேராக எதிர்கொண்டது: வயதான அவன் மெதுவாக நடப்பான், ஆனால் நிற்கமாட்டான். முதல் படத்தில் முகமூடிக்குள் இருந்த நிக் காசிலை ஒரு சிறு காட்சிக்கு அழைத்தார்கள். பெரும்பகுதி ஜேம்ஸ் ஜூட் கோர்ட்னி. 'ஸ்க்ரீம்' தொடருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கே முகமூடிக்குள் யாரும் இருக்கலாம் என்பதுதான் விதி. நமக்கும் இரண்டாவது வழியே எளிது. ஆனால் அதில் ஒரு கடன் இருக்கிறது: புதியவன் ஏன் அந்த முகத்தை எடுத்தான் என்பதற்கு, அவனை விட அந்த ஊருக்கு அதிகம் பொருந்தும் பதில் வேண்டும்.

நட்சத்திரம் கொலைகாரனாக நடித்த படம் என்றால் கவனம். மணிவண்ணனும் சத்யராஜும் 1994இன் 'அமைதிப்படை'க்கு 19 ஆண்டு கழித்து, 2013இல் 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' என்று தொடர்ச்சி எடுத்தார்கள். அரசியல் நையாண்டியில் வில்லன் திரும்பி வரும்போது அரங்கம் ஆரவாரம் செய்யலாம், செய்ய வேண்டும். ஸ்லாஷரில் கொலைகாரன் வரும்போது விசில் பறந்தால் பயம் அந்த நொடியே செத்துவிடும்.

முகமூடி மலிவாக இருக்கட்டும். 1978 'ஹாலோவீ'னுக்குக் கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' நாயகன் கேப்டன் கிர்க்கின் ரப்பர் முகமூடிக்கு வெள்ளை அடித்து, கண் துளையைப் பெரிதாக்கினார்கள். விலை இரண்டு டாலருக்கும் குறைவு என்பார்கள். 'ஸ்க்ரீம்' முகமூடி, படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போன ஒரு வீட்டில் கிடைத்தது. நம் திருஷ்டி பொம்மை அதைவிட நல்ல முகம். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, கறுப்பு மீசை. வெயிலிலும் மழையிலும் கிடந்து ஒரு பக்கம் சாயம் போனதாக எடுங்கள். புதிதாக வாங்கியதை வைத்தால் பொம்மைக் கடை ஞாபகம்தான் வரும். கோவையிலிருந்து பல்லடம் வரும் வழியில் எத்தனை வீட்டு முகப்பில் இந்த முகம் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். படம் பார்த்து வீடு திரும்புகிறவர் ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்ப்பார்.

ஆயுதத்தில் ஒரு விண்ணப்பம். அரிவாளை அவசரத்தில் எடுக்காதீர்கள். நம் மண்ணில் சாதியின் பெயரால் அரிவாள் எடுத்த செய்திகள் ஏராளம். தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட செய்திகளையும் கடந்த சில ஆண்டுகளில் படித்துக் கலங்கியிருக்கிறோம். அந்த வீடுகளில் இன்றும் மனிதர்கள் இருக்கிறார்கள். நடந்த கொலையின் சாயலை எடுத்துப் பயம் காட்டுவது திருட்டு. கற்பனைக்கு என்று ஒரு வடிவத்தை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: இடமும் பருவமும்

கொங்கு நாட்டுக் குடியிருப்பே இந்த வகைக் கதைக்கு ஏற்றது. ஊருக்குள் நெருங்கி வாழாமல், அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. நாய் குரைத்தால் அடுத்த தோட்டத்து நாய் குரைக்கும், அவ்வளவுதான்.

ஸ்லாஷர் படங்களைப் பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி: இவள் ஏன் இந்நேரத்தில் தனியாக வெளியே போகிறாள்? நம் ஊரில் அதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் மோட்டார் போட யாராவது போயே ஆக வேண்டும். இப்போது கைபேசியிலிருந்தே மோட்டாரை இயக்கும் கருவிகள் வந்துவிட்டன. அதையும் விடாதீர்கள். நள்ளிரவு. யாரும் போடாத மோட்டார் தானாக ஓடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம். பேத்தி கைபேசியைப் பார்க்கிறாள்: நிறுத்து என்று அழுத்துகிறாள், நிற்கிறது. படுக்கிறாள். மீண்டும் ஓடுகிறது. யாரோ மோட்டார் அறைக்குள் கையால் போடுகிறார்கள். அவள் கதவைத் திறக்கிறாள்.

தறிக்குடோன் இன்னொரு புதையல். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகள் ஓடும் கொட்டகைக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கைச்சாடையாலும்தான் பேச்சு. அங்கே அலறல் பயன்படாது. திடீரென்று கரண்ட் போகிறது. எல்லாத் தறிகளும் ஒரே மூச்சில் நிற்கின்றன. அந்த அமைதியில், தறிச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த காலடி ஒன்று, நிற்பதற்குள் இரண்டு அடி கூடுதலாக வைத்துவிடுகிறது. சரஸ்வதி 19 வயதில் இதைக் கேட்டவள். 59 வயதில் அவளே மெயின் சுவிட்சை இறக்கட்டும்.

பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மாதங்களில் உடுமலை, பல்லடம் பக்கம் நேரடி ஒலிப்பதிவு மிகக் கடினம். மானாவாரி மக்காச்சோளம் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை மாதத்தில் அறுவடையாகும். ஆளை மறைக்கும் உயரம் மார்கழியில்தான் கிடைக்கும். ஆனால் மாரியம்மன் நோம்பி பல ஊர்களில் பங்குனி, சித்திரையில் வரும். இரண்டையும் ஒரே கதையில் வைத்தால் எங்கள் பக்கத்து விவசாயி திரையரங்கிலேயே சிரித்துவிடுவார். பாசனத் தோட்டத்துக் கரும்பாக மாற்றிக்கொள்ளுங்கள். 1978 'ஹாலோவீன்' இலையுதிர் காலக் கதை. எடுத்தது கலிபோர்னியாவின் வசந்தத்தில். காகித இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கிப் பைக்குள் போட்டு அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனைமலைக் காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், இரவுக்காட்சியை மறந்துவிடுங்கள். ஆடு, நாய், மாடு திரையில் வந்தால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். கரும்புக்குள் இறங்கும் முன் பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூட வையுங்கள். கிணற்றுக் காட்சிக்கு உண்மையான கிணற்றின் மேற்பகுதியையும், உள்ளே போட்ட தொட்டியையும் பிரித்து எடுங்கள்.

ஏழாம் படி: இளையவர்கள்

புதிய தலைமுறை வெட்டுப்படுவதற்காக வரிசையில் நிற்கும் ஆட்கள் என்று எழுதினால் படம் விழும். நோம்பி இதற்கு அருமையான காரணம். வெளிநாட்டில் இருக்கும் மகன், பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகள், விடுதியில் தங்கிப் படிக்கும் பேத்தி என்று எல்லோரும் ஊருக்கு வந்தே தீருவார்கள். கம்பம் நட்டபின் ஊரைவிட்டுப் போய்த் தங்கக் கூடாது என்று சில ஊர்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் ஏன் தப்பி ஓடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல பதில் எந்த வெளிநாட்டுப் படத்திலும் இல்லை.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் தறிகளிலும் வேலை செய்ய வந்திருக்கும் வடமாநிலத்துத் தொழிலாளியைச் சந்தேக ஆளாக வைத்துப் பார்வையாளரைத் திசைதிருப்பாதீர்கள். ஊர் அவனைச் சந்தேகிப்பதாக எழுதலாம், ஊர் அப்படித்தான் செய்யும். கேமரா சந்தேகிக்கக் கூடாது.

எட்டாம் படி: பழைய காட்சியைத் திருப்பிப் போடுவது

பழைய படத்தின் ரசிகர்களுக்குக் கொடுக்கும் நினைவுக் காட்சிகள் திரும்பச் சொல்வதாக இருந்தால் சலிக்கும், திருப்பிச் சொல்வதாக இருந்தால் சிலிர்க்கும். 1978 'ஹாலோவீ'னில் வகுப்பறை ஜன்னல் வழியே லாரி பார்க்கும்போது வெளியே கொலைகாரன் நிற்கிறான். 2018இல் லாரியின் பேத்தி அதேபோல வகுப்பறையிலிருந்து பார்க்கும்போது வெளியே நிற்பவள் லாரி. 1978இன் முடிவில் மாடியிலிருந்து விழுந்த அவன், மறுபடி எட்டிப் பார்த்தால் காணோம். 2018இல் விழுகிறவள் அவள், எட்டிப் பார்ப்பவன் அவன், காணாமல் போவதும் அவள். வேட்டையாடியவனும் வேட்டையும் இடம் மாறிவிட்டதை ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். உங்கள் பழைய படத்தில் கொலைகாரன் செய்த மூன்று செயல்களை எடுத்து, அவற்றைச் சரஸ்வதியின் கையில் கொடுத்துப் பாருங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

ஒன்பதாம் படி: சத்தம்

கார்பென்டர் தானே போட்ட 'ஹாலோவீன்' இசை ஐந்து எண்ணிக்கைக் கணக்கில் நிற்கிறது. அவருடைய தந்தை சிறுவயதில் போங்கோ மேளத்தில் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாராம். நம் சொற்கட்டில் சொன்னால் தகிட தகிட தக தக. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கால் தடுக்குவது போல இருக்கும். நான்கில் நடக்கும் காதுக்கு அந்தத் தடுக்கல்தான் பயம். 2018 படத்துக்கும் அவரே, மகனோடும் டேனியல் டேவிஸோடும் சேர்ந்து இசையமைத்தார். பழைய படத்தின் இசையை எடுக்க முறையாக அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உடுக்கை அடிப்பவர் ஒருவரை அழைத்து இதே சொற்கட்டை மெதுவாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உடுக்கையின் நாடாவை இழுத்து விடும்போது எழும் விம்மல் எந்தக் கணினியிலும் வராது.

பத்தாம் படி: பணமும் சான்றிதழும்

1978 'ஹாலோவீ'னின் செலவு சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம் டாலர், வசூல் சுமார் 7 கோடி டாலர். 2018 படத்துக்குச் சுமார் 1 கோடி டாலர் செலவு, உலக வசூல் 25 கோடிக்கு மேல். இந்த வகைப் படம் பெரிய செலவை ஏற்பதில்லை. ஒரு தோட்டம், ஒரு தறிக்குடோன், ஒரு கோயில் மைதானம் போதும்.

தணிக்கையில் 'ஏ' சான்றிதழ் வந்தால் அந்த வடிவத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது, அந்த வருமானம் அப்படியே குறையும். 2023இல் திருத்தப்பட்ட சட்டம் யு/ஏ பிரிவை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. 16ஐ இலக்காக வைத்து எழுதுங்கள். வெட்டைக் காட்டாமல் வெட்டுக்கு முந்தைய நொடியை நீட்டுவது கலைக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.

பதினொன்றாம் படி: முன்னோட்டத் திரையிடல்

படத்தொகுப்பு முடியும் தறுவாயில் இரண்டு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒன்று, பழைய படத்தைப் பார்த்தவர்கள். மற்றொன்று, அது தாங்கள் பிறக்கும் முன்பே வந்த படம் என்று மட்டும் தெரிந்த இருபது வயதுக்காரர்கள். இரண்டாவது கூட்டத்துக்குக் கதை புரியவில்லை என்றால் விளக்க வசனம் சேர்க்காதீர்கள், சரஸ்வதியின் பழக்கங்களில் ஒன்றை முன்னால் நகர்த்துங்கள். எங்கே கைபேசியை எடுக்கிறார்கள் என்று இருட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து குறியுங்கள்.

திரையிடல் முடிந்ததும் ஒருவர் தவறாமல் வந்து சொல்வார்: அந்தக் கிழவி வேலி வெட்டும் காட்சி நீளம், மூன்று நிமிடம் போகிறது, தூக்கிவிட்டால் படம் வேகமாக இருக்கும் என்று. விநியோகஸ்தரும் அதையே சொல்வார். எடிட்டர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். ஒரு நாள் தூக்கிவிட்டுப் படத்தை முழுதாக ஓட்டிப் பாருங்கள். கடைசி இரவில் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் திருஷ்டி முகம் இடுப்புக்கு மேல் தெரியும்போது அரங்கில் யாரும் மூச்சைப் பிடிக்கமாட்டார்கள். மறுநாள் காலையில் போய் அந்த மூன்று நிமிடத்தைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.